'சப்சிகுவன்ட்லி' என்றால் 'அதனால்' இல்லை

தம்பி, இங்கிலாந்தில் கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அசம்பாவிதம் நடந்தால் எழுதிவைக்கும் இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் எல்லாரும் எழுதும் 'சப்சிகுவன்ட்லி'க்கு 'அதன்பிறகு' என்று பொருளா, 'அதனால்' என்று பொருளா எனக் கேட்டிருந்தீர்கள். 'அதன்பிறகு' மட்டும்தான். காரணம் எதையும் அந்தச் சொல் சொல்லாது.

'அதனால்' என்பதற்கு 'கான்சிகுவன்ட்லி'. பின்தொடர்தல் என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வேரிலிருந்து இரண்டும் வந்ததால் காதுக்கு ஒன்றுபோலப் படும். ரிப்போர்ட்டில் மாற்றி எழுதினால் வில்லங்கம். காலை 10.15க்கு பிரஷர் மாத்திரை கொடுத்தீர்கள், 10.40க்கு அந்த அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார் என்று வையுங்கள். 'சப்சிகுவன்ட்லி ஷி ஃபெல்' என்றால் மாத்திரைக்குப் பிறகு விழுந்தார். 'கான்சிகுவன்ட்லி ஷி ஃபெல்' என்றால் மாத்திரையால் விழுந்தார். ஈரத்தரையா, செருப்பு வழுக்கியதா, தலைசுற்றலா என்று யாரும் விசாரிக்கும் முன்பே நீங்கள் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள்! பார்த்ததை மட்டும் எழுதுங்கள். விழுந்ததைக் கண்ணால் பார்க்காவிட்டால் 'ஷி ஃபெல்' என்றுகூட வேண்டாம். 'ஃபவுண்ட் ஆன் தி ஃப்ளோர்', அதாவது 'தரையில் கிடக்கக் கண்டோம்' என்பதே சரி.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது 'ஆஃப்டர்' என்ற சொல்லில்தான். தமிழில் 'பிறகு விழுந்தார்' என்றும் வரும், 'விழுந்த பிறகு' என்றும் வரும். அதே பழக்கத்தில் 'ஆஃப்டர் ஷி ஃபெல்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், 'அவர் விழுந்த பிறகு' என்று வாக்கியம் பாதியில் நின்றுவிடும். படிப்பவர் மீதியைத் தேடுவார். 'ஆஃப்டர் தட், ஷி ஃபெல்' என்று எழுதுங்கள். 'ஆஃப்டர்வர்ட்ஸ்' என்றாலும் சரிதான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை எழுதும்போது 'ஷி வாஸ் சப்சிகுவன்ட்லி டேக்கன் டு ஹாஸ்பிட்டல்' என்று 'வாஸ்'க்கும் 'டேக்கன்'னுக்கும் நடுவில் வைத்தால் இயல்பாக இருக்கும். அந்த இடத்தில் 'ஈவென்சுவலி' போட்டுவிடாதீர்கள். 'ஒருவழியாகக் கொண்டுபோனார்கள்' என்று தாமதத்தைக் குத்திக்காட்டுவது போலாகும்.

ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம் விவரம் ஒப்படைக்கும் ஹேண்டோவரில் வாயால் சொல்வதற்கு 'தென்', 'லேட்டர்' போதும். எழுத்திலோ, மணி தெரிந்தால் மணியையே போடுங்கள். 'சப்சிகுவன்ட்லி' என்பது 5 நிமிடமாகவும் இருக்கலாம், 5 மணி நேரமாகவும் இருக்கலாம். தலையில் அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் எப்போது கூப்பிட்டீர்கள் என்பதை அந்தச் சொல்லை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.