எண்ணூர் படத்தில் இவ்வளவு காலியிடம் விடலாமா?

தம்பி, 2023 டிசம்பர் எண்ணூர் எண்ணெய்க் கசிவுக் கட்டுரைக்கு நீங்க வரைஞ்ச படத்தைப் பார்த்தேன். 'ரொம்ப நெரிசலா இருக்கு'ன்னு ஆசிரியர் சொன்னது சரிதான். புகைபோக்கி, வலை, படகு, கூழைக்கடா, மீனவர் முகம், எல்லாமே ஒரே குரல்ல கத்துது. காலியா விட்டா அரைகுறை வேலைன்னு நினைப்பாங்களோன்னு கேட்டிருக்கீங்க. மாட்டாங்க. இங்க கதையே தண்ணி மேல பரவின எண்ணெய்ப் படலம்தான். பக்கத்துல மூணுல ரெண்டு பங்கைத் தண்ணிக்கே கொடுங்க, ஒரே தட்டையான நிறத்துல. படகைச் சின்னதாக்கி வலது மேல் மூலைக்குத் தள்ளுங்க. முனை உள்பக்கம் பார்க்கட்டும், இல்லேன்னா கண்ணு பக்கத்தை விட்டு வெளிய போயிடும்.

கூழைக்கடா அற்புதமா வந்திருக்கு, எடுக்க மனசு வராது. ஆனாலும் எடுங்க, அதுக்குத் தனிப் படமே போடலாம்.

நிறத்துல கவனம். செய்தித்தாள் மையை உறிஞ்சும், நிறத்தை உண்டாக்குற அச்சுப் புள்ளிகள் பரவும். திரையில தனித்தனியா தெரியுற கரும்பச்சையும் கறுப்பும் அச்சுல ஒண்ணாகிடும். தண்ணிக்கு வெளிறின சாம்பல் பச்சை போதும். செங்காவி படகுக்கு மட்டும்.

அனுப்புறதுக்கு முன்னாடி, அந்தக் காலியிடத்துல தலைப்பு வருமான்னு பக்க வடிவமைப்பாளர்கிட்ட கேட்டுடுங்க.