கோனைக் காட்டுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் லியோனில் படிக்கிறேன். தெருச்சந்தையில் 1970-களின் பெஜோ சைக்கிள் ஒன்று வாங்கினேன். சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பில் 'நார்மண்டி' என்று பொறித்திருக்கிறது. கூட ஓட்டும் நண்பர்கள் அது மட்டமான சரக்கு, மாக்சி-கார் ஹப் வாங்கிப் போடு என்கிறார்கள். அதன் விலையோ சைக்கிள் விலையைத் தாண்டுகிறது. பழைய பிரெஞ்சு ஹப்பின் தரத்தை எதை வைத்து முடிவுசெய்வது? ஹப்பில் கம்பிகள் மாட்டும் விளிம்பு பெரிதாக இருந்தால் நல்லதா? பாலிஷ் போடலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பதினோரு படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஹப்பின் வெளிப்புறம்தான். ஸ்பானரைக் கையில் எடுக்காமலே நண்பர்களிடம் கேட்டு, என்னிடமும் கேட்டிருக்கிறீர்கள். கோபம் வந்தது. ஆனாலும் உடனே எழுதுகிறேன். போன வாரம்தான் என் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிரித்துப் போட்டு, இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விளிம்பு பெரிதா சிறிதா என்பதை விடுங்கள், நீங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. பாலிஷ் உங்கள் விருப்பம். விலையைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மாக்சி-கார் உயர்ந்த ஹப்தான். பாரீஸை ஒட்டிய லெவல்வா-பெரேயில் சைக்கிள் செய்த ரெனே எர்ஸும் அலெக்ஸ் சிங்கரும் தங்கள் நெடும்பயணச் சைக்கிள்களில் அதைப் போட்டார்கள். ஃப்ரீவீல், அதாவது செயின் ஓடும் பின்பல்சக்கரம், இருக்கும் பக்கத்து விளிம்பில் சாவித்துவாரம் போலத் துளைகள் இருக்கும். கம்பி முறிந்தால் ஃப்ரீவீலைக் கழற்றாமலே புதுக்கம்பி மாட்டிவிடலாம். மழையில், இருட்டில், ஊருக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது கம்பி முறிந்தவருக்கு அதன் அருமை தெரியும். அதற்காக நார்மண்டி மட்டமாகிவிடுமா? நார்மண்டிப் பகுதியின் அன்ஷ்வில்லில் இருந்த மையார் கம்பெனியின் தயாரிப்பு அது. பெஜோவின் பந்தய சைக்கிளான பிஎக்ஸ்-10-லேயே நார்மண்டி ஹப் வந்திருக்கிறது. பெயரைப் பார்த்துத் தரம் சொல்பவர்களிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

1989-ல் பிரான்சில் ஒரு சைக்கிள் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். அங்கே ஓர் ஆசிரியை தினமும் ஓட்டிப்போகும் வண்டிக்கு ஓவராயில் செய்யும் வேலை என்னிடம் வந்தது. அதுவும் நார்மண்டி ஹப்தான். துடைத்தேன், புது கிரீஸ் வைத்தேன், அச்சில் ஆட்டமே இல்லாதபடி கோனை, அதாவது அச்சில் முறுக்கிக் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டை, இறுக்கினேன். ஒரு மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. சக்கரத்தைச் சுற்றினால் மண்ணை அரைப்பதுபோலக் கரகரவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் குண்டுகள் ஓடும் தடம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். ஸ்பானர் இல்லாமலே சக்கரத்தைப் பூட்டும் விரைவுப்பூட்டு லீவரை மடக்கும்போது உள்ளீடற்ற அச்சு மயிரிழை அமுங்குகிறது, அப்போது கோன் இன்னும் இறுகுகிறது. அதனால் சக்கரம் வெளியே இருக்கும்போது துளி ஆட்டம் விட்டு வைக்க வேண்டும். அதை எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார்கள்.

முதலாளி திட்டவில்லை. அந்தக் கோனை நூலில் கட்டி என் வைஸுக்கு மேலிருந்த விளக்கில் தொங்கவிட்டார். குனிந்து நிமிரும்போதெல்லாம் நெற்றியில் இடித்தது. வசந்தம் வரை அது அங்கேயே தொங்கியது.

அதனால்தான் சொல்கிறேன், கழற்றுங்கள். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 குண்டுகள், கால் அங்குலம். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், ஒன்றுகூட உருண்டோடக் கூடாது. கோனை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். சுற்றிலும் ஒரே அகலத்தில் மெல்லிய கோடு மின்னினால் நல்ல கோன். ஒரு பக்கம் கோடு தடித்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது சக்கரம் மாட்டும் சட்டத்தின் முனைகள் நேராக இல்லை. கண்ணுக்குத் தெரியாத குழியைப் பால்பாயிண்ட் பேனா காட்டிக்கொடுக்கும். முனையைத் தடத்தில் வைத்து மெல்ல இழுங்கள், குழி இருந்தால் தட்டும். ஹப்புக்குள் குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பையும் அப்படியே பாருங்கள், அதை இன்னும் நிதானமாகப் பாருங்கள். கோனையும் குண்டையும் மாற்றிவிடலாம். கப்பு போனால் ஹப்பே போனதுபோலத்தான்.

தரம் என்று நான் சொல்வது அந்தத் தடத்தைத்தான். 1980-களில் மையாரே ஹெலிகோமாட்டிக் என்று ஒரு ஹப் செய்தார்கள். சின்னக் கருவி ஒன்றால் ஃப்ரீவீல் நொடியில் கழன்றுவிடும், அதே கருவியால் பாட்டிலும் திறக்கலாம். அருமையான யோசனை. ஆனால் அந்த அமைப்புக்கு இடம் விட, ஃப்ரீவீல் பக்கத்துக் குண்டுகளைச் சிறிதாக்க வேண்டி வந்தது. அதிகப் பாரம் விழுவதே அந்தப் பக்கத்தில்தான். சீக்கிரமே தேய்ந்தது. எடுத்த எடுப்பில் கண்ணில் படும் வசதிக்காகக் குண்டின் இடத்தைப் பிடுங்கியதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. புது ஃப்ரீவீலை வாங்கி அப்படியே முறுக்கிவிடாதீர்கள். பழைய பிரெஞ்சு மரை 34.7 மில்லிமீட்டர், இழை இடைவெளி 1 மில்லிமீட்டர். இப்போது கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் பெரிது, அங்குலத்துக்கு 24 இழை. தளர்வாக ஏறிவிடும், ஏற்றத்தில் பெடலை மிதிக்கும்போது ஹப்பின் மரையை வழித்துக்கொண்டு சுற்றும். முதலில் கேலிப்பரால் அளந்து பாருங்கள்.

கைக்கு கிரீஸ் ஒட்டினால் ஒன்றும் ஆகாது, தம்பி. அடுத்த கடிதத்தில் நாலு கோன்களின் படம் வரட்டும். மாக்சி-கார் வேண்டுமா என்பதை அப்போது பேசுவோம்.