வீட்டில் 14 அடிப் பழைய அலுமினியப் படகு ஒன்று கிடக்கிறது. திருத்தி ஓட்டலாமா, எடைக்குப் போடுவதா?

திருத்தலாம். எடைக்குப் போட்டால் பெரிய காசு ஒன்றும் கிடைக்காது. திருத்தினால் உங்கள் பிள்ளைகளும் அதை ஓட்டுவார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் படகு 1970களில் செய்தது, தகடுகளை ரிவெற் என்ற உலோக ஆணிகளால் பிணைத்த உடல். ஏரியில் சும்மா நிற்கும்போதே தண்ணீர் உள்ளே வருகிறது, எஞ்சின் பூட்டுகிற பின்பலகை ஆடுகிறது, ஜோன்சன் 9.9 குதிரைவலு எஞ்சின் பல வருடமாக ஓடவில்லை. எங்கள் வீட்டுப் படகும் இதே வயதுதான். அப்பா கனடாவுக்கு வந்து சில வருடங்களில் பழையதாக வாங்கினார். ஒன்ராறியோ மாகாணத்து ரைஸ் ஏரியிலும் ஸ்கூகொக் ஏரியிலும் நாங்கள் தூண்டில் போட்டு வளர்ந்தது அதில்தான். அதை அப்பாவும் தம்பியும் நானுமாகக் கழற்றிப் பூட்டி இப்போது ஓட்டுகிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இந்த வகைப் படகில் உலோகம் கடைசியாகத்தான் கெடும். அதற்குள் வைத்த பலகையும் நுரையும் அதற்கு வெகுகாலம் முன்னரே கெட்டுவிடும். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் கிறம்மன் விமானக் கம்பனி, விமானத் தகடு பொருத்துகிற அதே முறையில் அலுமினியக் கனூ (ஒடுங்கிய துடுப்புப் படகு) செய்யத் தொடங்கியது. பின்னால் மினசோட்டாவில் அலுமாகிராஃப்டும் லண்டும், கியூபெக்கில் பிரின்ஸ்கிராஃப்டும் அந்த வழியில் வந்தன. இவற்றுக்குப் பெரும்பாலும் 5052 என்ற வகை மாதிரி மக்னீசியம் கலந்த அலுமினியத்தைத்தான் பயன்படுத்துவார்கள். காற்றுப் பட்டதும் அதன் மேல் மெல்லிய ஒக்சைட் படலம் ஒன்று தானாகவே உண்டாகி உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். எங்கள் ஏரிகளோ நன்னீர். அதனால் ஐம்பது வருடம் என்பது அந்தத் தகட்டுக்குப் பெரிய வயதே அல்ல.

ஆகவே வெளியே உரிந்து போன பெயின்ற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்பலகையைப் பாருங்கள். எஞ்சினைப் பூட்டி, அதன் கீழ்நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கூடவே பலகையும் வளைந்தால் உள்ளே இருக்கிற பிளைவூட் உக்கிவிட்டது. இன்னும் சந்தேகமென்றால் உட்பக்கமாக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பலகைக்குள் மட்டும் போகிற மாதிரிச் சின்னத் துளை ஒன்று போடுங்கள். வருகிற தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது. கறுத்து ஈரமாகக் கையில் ஒட்டினால் மாற்றத்தான் வேண்டும்.

எங்களுடையதில் மேல்மூடியைக் கழற்றியதும் பலகை என்று சொல்ல உள்ளே எதுவும் இருக்கவில்லை. தம்பி பழைய கரண்டி ஒன்றால் தோண்டித் தோண்டி எடுத்தான். கறுத்த தூளாக, காளான் மணத்தோடு வந்தது. ஒரு மூலையில் மட்டும் பிளைவூட்டின் அடுக்குகள் பசைவிட்டுத் தனித்தனித் தாளாகப் பிரிந்து நின்றன. அத்தனை காலமும் எஞ்சினைச் சுமந்தது வெளித்தகடும் நாலைந்து போல்ட்டும்தான். வேகமாகப் போகும்போது அந்தத் தகடு கிழிந்திருந்தால் எஞ்சின் ஏரிக்கு அடியில் போயிருக்கும், படகும் பின்னால் போயிருக்கும். இதனால்தான் எல்லாவற்றுக்கும் முதல் பின்பலகை என்கிறேன்.

மாற்றுவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். இந்த அளவுப் படகுகளில் வழக்கமாக முக்கால் அங்குலப் பிளைவூட் இரண்டை ஒட்டி ஒன்றரை அங்குலத் தடிப்பில் வைத்திருப்பார்கள். பழைய பலகையின் துண்டுகளை எறியாதீர்கள். கடதாசி மட்டையில் வைத்து உருவம் வரைந்து வெட்டியெடுங்கள். தண்ணீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவூட் வாங்குங்கள். இரண்டையும் எபொக்சிப் பிசினால் ஒட்டி, சுற்றிவர விளிம்புகளுக்கு மூன்று முறை எபொக்சி பூசுங்கள், ஏனென்றால் பலகை தண்ணீர் குடிப்பது விளிம்பால்தான். போல்ட் துளைகளிலும் அதே கவனம் வேண்டும். பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவில் திரும்பத் துளையுங்கள். போல்ட் போகும் வழியில் மரம் வெளியே தெரியவே கூடாது.

ஒன்றே ஒன்று, தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டுச் சாமான் கடைகளில் விற்கிற, உக்காமல் இருக்க மருந்தேற்றிய பச்சை நிறப் பலகையை அலுமினியத்தில் தொட விடாதீர்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. 2004இலிருந்து வீட்டுப் பலகைகளில் ஆர்செனிக்கை விட்டுவிட்டு, செம்பு கூடின மருந்துகளுக்கு மாறினார்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் ஒரு பற்றரி உண்டாகும், அதில் கரைவது அலுமினியம். இதே காரணத்தால் ரெயிலரில் படகு படுக்கிற கட்டைகளையும் பாருங்கள். பச்சைப் பலகையில் கம்பளம் சுற்றி அடித்திருப்பார்கள், கம்பளம் நாட்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். எங்கள் படகின் அடியில் அந்தக் கட்டைகள் பட்ட இரண்டு வரிசையிலும் வெள்ளைத் தூளும் ஊசிக்குத்து மாதிரிக் குழிகளும் இருந்தன. தரைப்பலகைக்குக் கீழே ஒரு பழைய சதக் குற்றி. கனடிய சதம் 1996 வரைக்கும் ஏறக்குறைய முழுச் செம்பு. சேற்றுத் தண்ணீரில் அது கிடந்த இடத்தில் தகடு வட்டமாக அரிபட்டு, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. பிள்ளைகளின் சட்டைப் பையிலிருந்து விழுந்த ஒரு சதம்!

சரி, ஒழுக்கு. தண்ணீர் எங்கால் வருகிறது என்று உள்ளேயிருந்து தேடினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். வெளிப்பக்கத்தை நன்றாக உலரவிட்டு, ரெயிலரில் வைத்தபடியே படகுக்குள் தண்ணீர் விடுங்கள். எங்கே துளிர்க்கிறதோ அங்கே மார்க்கரால் வட்டம் போடுங்கள். கனக்க விட வேண்டாம். நாலு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், பத்து சென்ரிமீற்றர் ஆழம் என்றால் அதுவே 400 கிலோ. அந்தப் பாரத்துக்கு ரெயிலர் தாங்க வேண்டும், அடித்தகடும் நெளியக் கூடாது. ஒரு சாண் தண்ணீரெல்லாம் வேண்டாம், நாலு விரல் போதும், அடியில் முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

அநேகமாக ஒழுகுவது தளர்ந்த ரிவெற்றுகளால். தலையைச் சுற்றிக் கறுத்த வளையம் தெரிந்தால் அந்த ரிவெற் அசைகிறது என்று அர்த்தம். சிலதைத் திரும்ப அடித்தே இறுக்கிவிடலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலைத் தலையில் பிடிக்க, உள்ளே மற்றவர் கனத்த இரும்புக் கட்டியை ரிவெற்றின் மறுமுனையில், அதாவது வாலில், அழுத்திப் பிடிப்பார். உள்ளே இருந்தது அப்பா. அவர் யாழ்ப்பாணத்து மயிலிட்டிப் பக்கம் வள்ளங்களோடு வளர்ந்தவர், அணியத்தை (முன்பக்கத்தை) தொட்டே வள்ளத்தின் நிலை சொல்வார். ஆனால் அங்கே மரமும் ஃபைபரும்தான், அலுமினியம் அவருக்குப் புதிது. முதல் ரிவெற்றுகளில் கட்டியைத் தளர்வாகப் பிடித்தபோது டக்டக்கென்று வெற்றுச் சத்தம் வந்தது, வால் கோணலாக மடிந்தது. உடம்புப் பாரத்தை அதில் போட்டதும் சத்தம் மாறி அடங்கியது, வால் சப்பையாக வட்டமாக வந்தது. அதற்குப் பிறகு, “ம், இது சரி” “இது இன்னும் ஒரு தட்டு” என்று சத்தத்தை வைத்தே உள்ளேயிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார்.

இறுக்க முடியாததைத் தலையைத் துளைத்து எடுத்து, துளை அகன்றிருந்தால் ஒரு அளவு பெரிய ரிவெற் போடுங்கள். போடும்போது பொலியூரிதேன் சீலன்ற் (ஒழுக்கு அடைக்கும் பசை) தொட்டுக்கொள்ளுங்கள். கைக்கெட்டாத இடங்களுக்கு ஒரு பக்கமிருந்தே இழுக்கிற ரிவெற் போடலாம், ஆனால் முனை மூடியதாக வாங்குங்கள். சாதாரணமானதன் நடுவில் ஓட்டை இருக்கும், அதற்குள் நிற்கிற இரும்புத் துண்டும் துருப்பிடிக்கும்.

தகட்டுக்கு மேல் ஃபைபர் அடித்தால் என்ன என்று நம்மவர்கள் எல்லோரும் கேட்பார்கள், அப்பாவும் கேட்டார். வேண்டாம். ஃபைபருக்குப் பூசுகிற பொலியெஸ்ரர் பிசின் அலுமினியத்தின் ஒக்சைட் படலத்தை இறுக்கிப் பிடிக்காது. வெயிலிலும் குளிரிலும் உலோகம் நீண்டு சுருங்கும் அளவு வேறு, ஃபைபரின் அளவு வேறு. கொஞ்சக் காலத்தில் உரிந்து, இடையில் தண்ணீர் தங்கி, ஒழுக்கு எங்கே என்றே தெரியாமல் போய்விடும்.

வெல்டிங்கிலும் அவசரப்படாதீர்கள். எங்கள் படகில் இருந்த ஒரு வெடிப்பை முன்பு ஒரு கடையில் வெல்ட் பண்ணித் தந்தார்கள். அடுத்த கோடையிலேயே அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் புது வெடிப்பு. ஒன்றரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள தகட்டில் வெப்பம் பட்டால், உருட்டி இறுக்கி ஏற்றிய பலம் அந்த இடத்தில் போய்விடும், அருகிலுள்ள ரிவெற்றும் தளரும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டு அது ஓடாமல் நிறுத்தி, மேலே அதே வகை அலுமினியத் துண்டை சீலன்ற் பூசி ரிவெற் அடிப்பதுதான் இந்தப் படகுகளுக்குப் பொருத்தம். அழகு குறைவு, ஆனால் நிற்கும். ஏராப் பகுதி (அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பு) நீளமாக வெடித்திருந்தாலோ, குறுக்குச் சட்டங்கள் பல முறிந்திருந்தாலோ அது வேறு கதை. அப்போது மட்டும் எடைக்குப் போடுவதைப் பற்றி யோசியுங்கள்.

இருக்கைக்குள்ளும் தரைக்குக் கீழும் இருக்கிற நுரையைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். ஊறிய நுரை பஞ்சு மாதிரித் தண்ணீரை வைத்திருக்கும், படகு காரணமில்லாமல் தாழ்ந்து நிற்கும். அதற்காக எடுத்து எறிந்துவிட்டுச் சும்மா விடவும் கூடாது. படகு கவிழ்ந்தாலோ நிரம்பினாலோ அது மூழ்காமல் நிற்பது அந்த நுரையால்தான். மே மாதத்தில் ஒன்ராறியோ மாகாணத்து ஏரி ஒன்றில் விழுந்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது மிதக்க வேண்டும், குளிரில் கரைவரை நீந்த முடியாது. ஒரு லீற்றர் நல்ல நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும், அதனால் எடுத்த அளவுக்குக் குறையாமல் வையுங்கள். கடையில் கிடைக்கிற நீல, ரோஸ் நிற வீட்டு நுரைப்பலகை மலிவுதான், ஆனால் பெற்றோல் பட்டால் கரைந்துவிடும். பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் பொலியூரிதேன் நுரை போடுங்கள். நடுவில் தண்ணீர் பின்னால் ஓட ஒரு வழி விடுங்கள்.

பெயின்ற் கடைசி. ரெயிலரில் வந்து போகிற படகின் அடிக்குப் பெயின்ற் தேவையே இல்லை, வெறும் அலுமினியமாக விடுங்கள் என்பதுதான் என் கருத்து. பக்கங்களுக்கு அடிக்க விரும்பினால் தேய்த்த அன்றே எற்சிங் பிறைமர் (உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு) பூசுங்கள், பிந்தினால் ஒக்சைட் திரும்ப வந்துவிடும். இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், இரும்புத் துகள் தகட்டில் பதிந்து பிறகு அரிக்கும். பாசி பிடிக்காமல் இருக்க விற்கிற செம்புப் பெயின்ற்றும் ஆகாது.

உங்கள் ஜோன்சன் எஞ்சினை விட்டுவிடாதீர்கள். ஜோன்சனும் எவின்றூட்டும் ஒரு காலத்தில் இங்கே ஒன்ராறியோவின் பீற்றர்பரோவிலேயே செய்தவை. அந்தப் பழைய 9.9க்கு இன்றும் சாமான் கிடைக்கிறது. இரண்டு சிலிண்டரின் அமுக்கமும் ஏறக்குறைய ஒரே அளவா என்று அளந்து பாருங்கள். கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழலியை) யோசிக்காமல் மாற்றுங்கள், பெற்றோல் குழாய்களையும் மாற்றுங்கள், கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவுங்கள். ஐம்பது லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் இரண்டு-ஸ்ட்ரோக் படகு எண்ணெய். தண்ணீர்ப் பீப்பாய்க்குள் வைக்காமல் ஒரு தடவை கூட இயக்கிப் பார்க்காதீர்கள், இம்பெல்லர் உடனே எரியும்.

கடதாசி வேலை கொஞ்சம்தான். கனடாவில் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கு உரிமம் எடுக்க வேண்டும், உங்கள் 9.9க்குத் தேவையில்லை. ஆனால் எந்த எஞ்சினானாலும் ஓட்டுபவரிடம் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். ஏரியை விட்டு வெளியே எடுத்ததும் அடித்தக்கையை (தண்ணீர் வடிகிற துளையின் அடைப்பை) கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வீதியில் கொண்டுபோகலாம், ஒன்ராறியோவில் 2022இலிருந்து இது சட்டம். வரிக்குதிரைச் சிப்பி மாதிரி ஏரிகளைக் கெடுக்கிற வேற்றிட உயிர்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் இருக்கத்தான்.

இந்தச் சனிக்கிழமை பின்பலகையில் அந்தச் சின்னத் துளையைப் போட்டு வந்த தூளையும், ஏராப் பக்கத்தையும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எவ்வளவு பிளைவூட் வாங்க வேண்டும், எந்த ரிவெற் அளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.