முதுகுப்பையில் எத்தனை புத்தகம்?

நீ கேட்டிருந்தது இது: "அக்கா, ஜெர்மனியில் இல்மெனாவுக்கு முதுகலை படிக்க வந்து பத்து மாதம் ஆகிறது. ஆகஸ்டில் ஆறு வாரம் பிராக், வியன்னா, புடாபெஸ்ட், லியுப்லியானா என்று தனியாகச் சுற்றப் போகிறேன். எல்லா இடத்திலும் ஹாஸ்டல்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆறு தமிழ்ப் புத்தகங்கள் பிரிக்காமலே கிடக்கின்றன. இரண்டு தடி நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு கவிதை, ஒரு கட்டுரை நூல், அம்மா திணித்த சமையல் புத்தகம். எடுத்துப் போனால் படிக்க முடியுமா? எல்லாரும் கூடிப் பேசுகிற இடத்தில் நான் மட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்தால் திமிர் பிடித்தவள் என்று நினைக்க மாட்டார்களா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

நான் கொலோனுக்கு வந்து 16 வருடம் ஆகிறது. முதல் கோடையில் நானும் இப்படித்தான் கிளம்பினேன், ஒன்பது புத்தகத்தோடு. டிரெஸ்டன் தாண்டுவதற்குள் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிட்டது. வியன்னாவில் ஒரு தபால் நிலையத்துக்குப் போய் ஏழு புத்தகங்களை எனக்கே பார்சல் போட்டேன். அந்தக் காசில் இரண்டு ராத்திரி தங்கியிருக்கலாம். மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை முடித்தேன், இன்னொன்றில் நாற்பது பக்கம் தாண்டவில்லை. நான் படிக்காத ஆளில்லை. ஹாஸ்டலில் எப்போது படிக்க நேரம் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஹாஸ்டல் என்றதும் நம் கல்லூரி விடுதி நினைவுக்கு வரும். அங்கே கட்டிலில் குப்புறப் படுத்து விடிய விடியப் படித்திருப்போம். இது வேறு. எட்டுப் பேர் அறை, முன்பின் தெரியாத எட்டுப் பேர், ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழும் படுக்கை. பதினோரு மணிக்கு ஒருத்தி தூங்கியிருப்பாள், ஒன்றரைக்கு ஒருத்தி வந்து பையின் ஜிப்பைக் கால் மணி நேரம் திறப்பாள், நாலரைக்கு ஒருத்தி விமானம் பிடிக்கக் கிளம்புவாள். படுக்கைக்குத் தனி விளக்கு, பிளக் பாயின்ட், திரை மூன்றும் இருந்தால் பாக்கியம். முன்பதிவு செய்யும்போது குளியலறைப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலைமாட்டில் விளக்கு இருக்கிறதா என்று பார். இல்லாத இடத்தில் நான் போன் வெளிச்சத்தில் படித்து, எதிர் மேல்பெர்த்திலிருந்து ஒரு காலுறை என் மேல் வந்து விழுந்தது. தவறு என்னுடையதுதான். அதற்குப் பிறகு ராத்திரி அறைக்குள் புத்தகம் திறப்பதில்லை.

இன்னொன்று, சொன்னால் அருவருப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி புத்தகத்தின் முதுகு மடிப்பிலும் ஒளியும். புத்தகத்தைப் படுக்கையிலோ தலையணைக்கு அடியிலோ விட்டுவிட்டு வெளியே போகாதே. ஜிப் பையில் போட்டு லாக்கரில் வை.

சரி, எப்போதுதான் படிப்பது? முதலில் காலை. ஏழிலிருந்து ஒன்பது வரை ஹாஸ்டல் சமையலறை கோயில் பிராகாரம் மாதிரி அமைதியாக இருக்கும். ராத்திரி ஆடினவர்கள் எல்லாரும் தூங்குவார்கள். யாரோ விட்டுப்போன தேயிலையில் ஒரு டீ போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் உன்னுடையது. (பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தங்கும் 'யூகெண்ட்ஹெர்பெர்கெ' என்ற ஜெர்மன் இளைஞர் விடுதி என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே ஏழு மணிக்குக் காலை உணவுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் காதைப் பிளக்கும், ராத்திரி பத்துக்கு மேல்தான் அமைதி. ரிஹார்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909இல் நடைப்பயணம் போன மாணவர்களுக்காக யோசித்த ஏற்பாடு அது, அதனால் குறை சொல்ல முடியாது.)

அப்புறம் பெரிய நேரம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஹாஸ்டலில் காலை பத்து, பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த இடத்தில் இரண்டு, மூன்று மணிக்கு முன்னால் அறை தர மாட்டார்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் இப்படி நான்கைந்து மணி நேரம் நீ வீடில்லாதவள். முதுகில் பை, காலில் வலி, பார்க்கவேண்டியதை நேற்றே பார்த்தாயிற்று. அந்த நேரத்துக்குத்தான் புத்தகம். உன் நான்கு ஊர்களில் மூன்றில் அந்த நேரத்தைக் கழிக்க எனக்குத் தெரிந்த நல்ல இடங்கள் உண்டு.

வியன்னாவில் முதல் இடம் காபிக்கடை. ஒரு மெலாஞ்ச் சொன்னால் சின்னத் தட்டில் காபியும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் பில் கொண்டுவந்து மேசையில் வைத்துத் துரத்த மாட்டார்கள், நீ கேட்டால்தான் வரும். பழைய கடைகளில் செய்தித்தாளை மரச்சட்டத்தில் மாட்டி வைத்திருப்பார்கள், படிப்பதற்கென்றே. பரிமாறுபவர் சிரிக்கவில்லை என்றால் மனதில் எடுத்துக்கொள்ளாதே, அது அந்த ஊர் சம்பிரதாயம். காசு செலவழிக்க மனமில்லையா, யூ6 மெட்ரோ ஓடும் சாலை மேலேயே கப்பல் மாதிரி நீளமாக நிற்கும் நகர மைய நூலகத்துக்குப் போ. 2003இல் திறந்தது. உறுப்பினர் அட்டை இல்லாமல் உள்ளே போய் உட்காரலாம், வெளியே அகலமான படிக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டும் படிக்கலாம். ஞாயிறு மட்டும் மூடியிருக்கும். அரண்மனை வளாகத்தில் தேசிய நூலகத்தின் பழைய பெருங்கூடம் ஒன்று இருக்கிறது. டிக்கெட் எடுத்துப் பார், அண்ணாந்து பார்க்கவேண்டிய இடம். ஆனால் அங்கே புத்தகத்தைத் தொட முடியாது, எனக்கு அது சினிமா செட்டுக்குள் நடந்தது மாதிரிதான் இருந்தது.

புடாபெஸ்டில் இதற்கு நேர் எதிர். சாபோ எர்வின் நூலகத்தின் ஒரு பகுதி வெங்க்ஹைம் என்ற பிரபுக் குடும்பத்தின் பழைய மாளிகை. சரவிளக்கு, தங்கப் பூச்சு, மரத்தால் செதுக்கின சுழல் படிக்கட்டு. அதற்கடியில் கல்லூரிப் பிள்ளைகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். நான் ஒரு மழை நாளில் போய், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

லியுப்லியானா எனக்குப் பிடித்த ஊர் என்பதால் கொஞ்சம் அதிகம் சொல்வேன், பொறுத்துக்கொள். கோடையில் அங்கே பூங்காக்களில் மரத்தடியில் நாற்காலியும் புத்தக அலமாரியும் போட்டு 'மரக்கிளைகளுக்குக் கீழே நூலகம்' என்று நடத்துகிறார்கள். எடுத்து, அங்கேயே உட்கார்ந்து படித்து, வைத்துவிட்டு வரவேண்டியதுதான். அட்டையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. தங்குவதற்கு செலிட்சா என்று ஒரு ஹாஸ்டல். பழைய ராணுவச் சிறை, 2003இல் விடுதியாக மாறியது. பல அறைகள் பழைய சிறைக்கூண்டுகள், கதவில் கம்பி அப்படியே இருக்கிறது, உள்ளே ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கலைஞர் வடிவமைத்திருக்கிறார். என் பயணங்களிலேயே அறைக்குள் நிம்மதியாகப் படித்தது அந்தக் கூண்டில்தான். கட்டில் குறைவு, ஜிப் திறக்கிறவர்களும் குறைவு.

ரயிலைச் சொல்ல வேண்டியதில்லை, நீயே படிப்பாய். ஒரே ஒரு இடத்தில் மட்டும் புத்தகத்தை மூடிவிடு. லியுப்லியானாவிலிருந்து கிராட்ஸ், வியன்னா வழியாகத் திரும்பினால் செம்மரிங் மலைப்பாதை வரும். 1854இல் போட்ட பாதை, இரண்டடுக்குக் கல்பாலங்கள், சுரங்கங்கள். ஊட்டி ரயில் பார்த்தவளுக்குக்கூட வாய் பிளக்கும்.

இனி உன் இரண்டாவது கேள்வி. திமிர் என்று நினைப்பார்களா? மாட்டார்கள். ஹாஸ்டல் கூடத்தில் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் வந்து பேச மாட்டார்கள். புத்தகம் வைத்திருந்தால் பேசுவார்கள். அதிலும் தமிழ் எழுத்து என்றால் "இது என்ன மொழி?" என்று குறைந்தது தினம் ஒருவர் கேட்பார். ஹிந்தியா, தாய்லாந்து மொழியா, ஜார்ஜியா மொழியா என்று ஊகிப்பார்கள். நான் அவர்கள் பெயரைத் தமிழில் ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பேன். அதோடு அந்தச் சாயங்காலப் படிப்பு போச்சு, பரவாயில்லை.

தனியாகப் போகிற பெண்ணுக்குப் புத்தகம் ஒரு கதவு மாதிரி, திறக்கவும் செய்யலாம், சாத்தவும் செய்யலாம். விருப்பமில்லாத ஆள் வந்து எதிரில் உட்கார்ந்து பேச்சை வளர்க்கும்போது, "இந்த அத்தியாயத்தை முடிக்க வேண்டும்" என்று சொல்லிக் குனிந்துகொள்ளலாம். பெரும்பாலும் போதும். அப்படியும் எழுந்து போகவில்லை என்றால் அது புத்தகத்தால் தீரும் விஷயமில்லை, வரவேற்பு மேசையில் போய்ச் சொல். கூச்சப்படாதே, அறை மாற்றிக் கொடுப்பார்கள்.

பல ஹாஸ்டல்களில் 'ஒன்றை வை, ஒன்றை எடு' அலமாரி இருக்கும். ஆங்கிலத் துப்பறியும் நாவல், ஜெர்மன் துப்பறியும் நாவல், மொழிபெயர்த்த ஸ்வீடன் துப்பறியும் நாவல், காலாவதியான பயண வழிகாட்டி. நல்லது சிக்கும், ஆனால் கிளற வேண்டும். அதில் தமிழ்ப் புத்தகம் வைக்காதே. நான் வைத்தேன். பிராகில் ஓர் அலமாரியில், என்றாவது ஒரு தமிழ் ஆள் வந்து கண்ணீர் மல்க எடுப்பார் என்று கற்பனை செய்துகொண்டு, முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதி ஒரு நாவலை விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்து அதே ஹாஸ்டலுக்குப் போனால், சாப்பாட்டு மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கனம் சரியாக இருந்திருக்கிறது. நகர வரைபடங்களை மடித்து அங்கே செருகிவிட்டு நாவலை மீட்டுக்கொண்டு வந்தேன். அட்டையில் மேசைக்கால் தழும்போடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

தடி நாவல்களைப் போனிலோ மின்படிப்பானிலோ வைத்துக்கொள். மின்படிப்பான் 200 கிராம்தான் இருக்கும். மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் சங்க இலக்கியத்திலிருந்து நாட்டுடைமையான நாவல்கள் வரை இலவசமாக இறக்கலாம். 1998 பொங்கலன்று அதைத் தொடங்கி வழிநடத்திய முனைவர் கல்யாணசுந்தரமும் நம்மைப் போல வெளியே வந்தவர்தான், சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்தவர். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் வேண்டாம், சின்னத் திரையில் எழுத்து கடுகு மாதிரி தெரியும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனிக் கோப்பு இருக்கும், அதை எடு. ஹாஸ்டல் வைஃபையை நம்பாதே, இல்மெனாவிலேயே இறக்கிவிடு.

ஜெர்மன் கற்கிறாய் அல்லவா, ரெக்லாம் பதிப்பகத்தின் மஞ்சள் நிறக் குட்டிப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள். 1867இலிருந்து வரும் வரிசை, ஜீன்ஸ் பையில் நுழையும், விலை சில யூரோ. ஆரஞ்சு அட்டை என்றால் ஒரு பக்கம் மூலமொழி, எதிர்ப்பக்கம் ஜெர்மன். முடித்ததும் ஹாஸ்டல் அலமாரியில் தாராளமாக வைத்துவிடு. அதை யாரும் முட்டுக் கொடுக்க முடியாது, அவ்வளவு ஒல்லி.

போகும் வழியில் முடிந்தால் ஹாலேயில் ஒரு நாள் இறங்கு, உன் ஊரிலிருந்து பெரிய சுற்று ஒன்றுமில்லை. ஃபிராங்கே அறநிறுவனத்தின் வளாகத்தில் 18ஆம் நூற்றாண்டு நூலகம் ஒன்று அப்படியே நிற்கிறது. அவர்கள் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே படித்துவிட்டுத்தான் 1706இல் தரங்கம்பாடியில் போய் இறங்கினார். அவருக்காக இங்கே வார்த்த தமிழ் அச்செழுத்துகள் பின்னால் கப்பலேறிப் போயின. ஈய எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். நாம் ஆறு புத்தகத்துக்கு முதுகு வலிக்கும் என்கிறோம்.

ஆகவே உன் ஆறில் எது? சிறுகதைத் தொகுப்பை எடு. காத்திருக்கும் நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கணக்காக இருக்கும், பாதியில் யாராவது பேச வந்தாலும் நஷ்டமில்லை. கவிதை ஒல்லியாக இருந்தால் அதுவும் வரட்டும். இரண்டு நாவலும் கட்டுரையும் இல்மெனாவிலேயே இருக்கட்டும், குளிர்காலம் நீளமானது. பாஸ்போர்ட்டோடு உன் வசிப்பு அனுமதி அட்டையும் எப்போதும் கையில் இருக்கட்டும், லாக்கருக்கு ஒரு பூட்டும் வாங்கு, பல இடங்களில் தர மாட்டார்கள்.

சமையல் புத்தகத்தை எடுத்துப் போகாதே, ரசம் இருக்கும் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொள். ஹாஸ்டல் சமையலறையில் ஒரு நாள் ரசம் தாளித்துப் பார், நீ பேசவே வேண்டாம், கூட்டம் தானாக வரும். தக்காளி, பூண்டு, மிளகு எல்லா ஊரிலும் கிடைக்கும். புளியும் பெருங்காயமும் இங்கிருந்தே எடுத்துப் போ. பெருங்காயத்தை இரண்டு டப்பாவுக்குள் போட்டு மூடு, இல்லையென்றால் சிறுகதைத் தொகுப்பு முழுக்க அந்த வாசனைதான்.