உவரிக் கரையில் சிப்பிப்பாறை நாயோடு நடக்க

அண்ணாச்சி, உவரியிலிருந்து கூடுதாழைப் பக்கம் கரையோரமாகப் போகும்போது உங்கள் சிப்பிப்பாறை நாயை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை இனம். ஓடுகிற எதையாவது கண்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. நீளக் கயிறு போதும்.

கால் கிழிக்கும் பாறையைவிட எனக்குப் பயம், உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன்தான். வலையில் சிக்கினால் கரையிலேயே எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற டெட்ரோடோடாக்சின் என்கிற விஷம் தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்திவிடும். மாற்றுமருந்து கிடையாது, மீன் செத்துக் காய்ந்தாலும் விஷம் போகாது. நாய் அதைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ‘விடு’ என்றதும் வாயில் இருப்பதை விடுவதற்கு வீட்டிலேயே பழக்குங்கள். கரைக்குப் போவதெல்லாம் அதற்கப்புறம்.

நேரம் விடிகாலைதான் சரி. வெயில் ஏறிவிட்டால் புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதற்கும் பொறுக்காது. நல்ல தண்ணீர் கையில் இருக்கட்டும், கடல்தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் ஆகும். ஆனி, ஆடிக் காற்றில் பாறைப் பக்கமே போகாதீர்கள். திரும்பியதும் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்கில் நெருஞ்சியோ தூண்டில் முள்ளோ இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.