பி.காம் படித்தால் டேலி வேலை மட்டும்தானா?

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் முடித்திருக்கிறாள், பி.காம் சேர்த்தால் கடைசியில் ஏதாவது கடையில் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) போடத்தான் போகணுமா என்று கம்பத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறீர்கள். நான் போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டேலியில் பில் ஏற்ற பி.காமே வேண்டாம், சில மாத கோர்ஸ் போதும். சம்பளமும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். ஒரு தொகை எந்தக் கணக்கில் போகிறது, ஏன் போகிறது என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

நம் பக்கத்தையே பாருங்கள். ஏலக்காய்த் தோட்டம் கேரளத்து இடுக்கியில், முதலாளி வீடு தேனி மாவட்டத்தில், காயை ஏலம் போடுவது புற்றடியிலோ போடியிலோ. சொந்தத் தோட்டத்துக் காயை விற்றால் விவசாய வருமானம். மத்திய வருமான வரி கிடையாது. அதே காயை ஏலத்தில் எடுத்து விற்றால் வியாபார வருமானம், வரி உண்டு. இரண்டையும் ஒருவரே செய்தால் (இங்கே பலர் செய்கிறார்கள்) செலவு முதற்கொண்டு பிரித்து எழுத வேண்டும். தேயிலை வேறு மாதிரி: தானே பயிரிட்டுத் தூளாக்கி விற்றால் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம். நாலைந்து கிலோ பச்சை ஏலக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும் என்பது தெரியாதவர் எழுதும் இருப்புக் கணக்கை ஆடிட்டர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

அப்புறம் ஜி.எஸ்.டி. ஏலக்காய்க்கு 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. குமுளி தாண்டிக் கேரளத்தில் விற்றால் மொத்தமும் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி. வாங்குபவரின் பதிவெண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். இந்த வரித் தலைப்பை மாற்றிக் கட்டினால் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டும்.

சி.ஏ. (ஆடிட்டர் படிப்பு) ஆசை இருந்தால் இப்போதே அதன் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். இல்லையென்றால் பி.காமில் 55 சதவீதம் எடுத்து நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் இருந்து எடுக்கும் பயிற்சி) முன்பு மூன்று வருடம், இப்போது இரண்டுதான். உதவித்தொகை கைச்செலவுக்கே காணாது. பெரிய பெயரைவிட, பலவகைக் கணக்குகள் வரும் ஆபீஸாகப் பார்த்துச் சேருங்கள். ஒன்று கவனம்: கல்லூரிப் பட்டியலில் 'பி.காம் சி.ஏ.' என்று இருப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்.

மில், ஆலை பக்கம் போக விருப்பம் என்றால் சி.எம்.ஏ. (உற்பத்திச் செலவுக் கணக்குப் படிப்பு) நல்லது. சி.ஏ. அளவுக்குக் கூட்டமும் இல்லை. அரசு வேலை என்றால் வங்கித் தேர்வுகள், டி.என்.பி.எஸ்.சி. வழியாக உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கை. எல்லாவற்றுக்கும் போட்டி கடுமைதான்.

படிக்கும்போதே மலையாளம் வாசிக்கப் பழகட்டும். குமுளி, வண்டன்மேடு பக்கம் தோட்ட ஆபீஸ்களில் இரண்டு மொழிக் காகிதமும் புரட்டத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு உண்டு. தெரிந்த ஆடிட்டர் இருந்தால் ஜூலையில் கல்லூரி விட்டதும் சாயங்காலம் போய் உட்காரச் சொல்லுங்கள். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் நேரம், கூடுதல் ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.