பழைய டீசல் வண்டி வாங்கலாமானு கேட்ட தம்பிக்கு

தம்பி, இங்க வந்து 4 மாசம்தான் ஆச்சு, வேலைக்குப் போக 12 வருஷப் பழைய டீசல் கார் ஒண்ணு மலிவா வருது, மைலேஜ் நல்லா குடுக்கும்ங்கறாங்க, வருஷத்துக்கு சர்வீஸ் செலவு எவ்வளவு ஆகும்னு கேட்டிருந்தீங்க. நான் ஐரோப்பாவுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு, ரெண்டு பழைய டீசல் வண்டி வச்சு ஓட்டினவன், அதுல ஒண்ணு இப்பவும் வாசல்ல நிக்குது. செலவைச் சொல்றதுக்கு முன்னாடி நான் உங்களை ஒண்ணு கேக்கறேன், வீட்டுலேருந்து வேலைக்கு எத்தனை கிலோமீட்டர்? 5, 6 தான்னா அந்த வண்டியை விட்டுடுங்க, பெட்ரோல் பாருங்க. தினமும் 30, 40 கிலோமீட்டர் ஹைவேல போவீங்கன்னா மேல படிங்க.

ஏன் இப்படி சொல்றேன்னா, என் முதல் வண்டியை நான் வாங்கினப்போ இந்தக் கேள்வியை யாரும் என்னைக் கேக்கல. வேலை 4 கிலோமீட்டர் தூரத்துல, பிள்ளைங்க ஸ்கூல் அதைவிடக் கிட்ட. குளிர் காலத்துல ஒரு நாள் காலைல ஆயில் பாக்கலாம்னு டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பாக்கற கம்பியை, உருவினேன், மேக்ஸ் கோட்டுக்கு மேல ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் ஏறி நிக்குது. ஆயில் குறையும்னுதான் கேள்விப்பட்டிருக்கோம், தானா ஏறுமா? துணியில துடைச்சு மோந்து பாத்தா டீசல் வாடை, விரல்ல தேய்ச்சா தண்ணி மாதிரி ஓடுது.

நடந்தது என்னன்னா, டீசல் புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்க சைலன்சர் பைப்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, 2009ல வந்த யூரோ 5ங்கற ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கப்புறம் வந்த டீசல் கார்ல அநேகமா எல்லாத்துலயும் இருக்கும், அதுக்கு முன்னாடி வந்த சிலதுலயும் உண்டு. ஃபில்டர் நிரம்பினா வண்டி தானே கொஞ்சம் டீசலைக் கூடுதலா அடிச்சு சைலன்சர் சூட்டை 600 டிகிரி பக்கம் ஏத்தி அந்தக் கரியை எரிச்சுடும், ரீஜெனரேஷன்னு சொல்வாங்க, அது முடிய 10லேருந்து 20 நிமிஷம் ஓடணும். நான் 7 நிமிஷத்துல ஆஃப் பண்ணி இறங்கிடுவேன், அடுத்த தடவை மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி ஆஃப், எரியாத டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு கீழ ஆயில்ல போய் சேரும். அப்படியே விட்டிருந்தா பேரிங்கும் டர்போவும் போயிருக்கும். நல்லவேளை டிப்ஸ்டிக் பாத்தேன், ஆயில் மாத்தினதோட தப்பிச்சேன்.

அதனால ரீஜெனரேஷன் நடக்கறப்போ எப்படித் தெரியும்னு பழகிக்கோங்க. நிக்கறப்போ ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், சிக்னல்ல நின்னா தானே எஞ்சினை ஆஃப் பண்ற ஸ்டார்ட் ஸ்டாப் வேலை செய்யாது, ஆஃப் பண்ணி இறங்கினதுக்கப்புறமும் ஃபேன் வேகமா சுத்தும், சூடான இரும்பு வாடை வரும். அப்படி இருந்தா ஆஃப் பண்ணாம, பண்ணிட்டீங்கன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணி, இன்னும் 15 நிமிஷம் ஹைவேல ஒரு சுத்து போயிட்டு வாங்க. டிபிஎஃபை எடுத்துட்டு காலி பைப் போட்டுத் தர்றோம்னு சொல்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, ஐரோப்பாவுல சட்டப்படி அந்த வண்டியை ரோட்டுல ஓட்டக் கூடாது.

இப்ப செலவுக்கு வர்றேன். வருஷா வருஷம் வர்றது பெருசா இல்ல தம்பி, ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ரெண்டு சர்வீஸுக்கு ஒரு தடவை டீசல் ஃபில்டர், அவ்வளவுதான். கம்பெனி புத்தகத்துல 30,000 கிலோமீட்டர் வரைக்கும் ஆயில் மாத்த வேண்டாம்னு போட்டிருந்தாலும் பழைய வண்டிக்கு அதைப் பாக்காதீங்க, நான் 10,000 கிலோமீட்டர் இல்லனா வருஷம் ஒரு தடவை, எது முன்னாடி வருதோ அப்ப மாத்திடுவேன். ஆயில்ல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க, சாம்பல் கம்மியா வர்ற டிபிஎஃப் ஆயில்தான் ஊத்தணும், டப்பால ஏசிஇஏ சி3 மாதிரி சி வரிசைத் தர நம்பர் போட்டிருக்கும், உங்க வண்டிக்கு எந்த நம்பர்னு புத்தகத்துல பாருங்க. கரி எரிஞ்சு போகும், ஆயில்லேருந்து வர்ற சாம்பல் எரியவே எரியாது, ஃபில்டர்லயே தங்கிடும்.

கையைக் கடிக்கறது சில வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வேலைங்கதான். முதல்ல டைமிங் பெல்ட், எஞ்சின்ல வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓட வைக்கற பெல்ட். எப்ப மாத்தணும்ங்கற கணக்கு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கிலோமீட்டர் ஆகலைனாலும் வயசானா மாத்தியே ஆகணும், அறுந்தா பெரும்பாலான டீசல் எஞ்சின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சினே போயிடும். இங்க பார்ட்ஸைவிட லேபர்தான் செலவு, மணிக்கணக்குல வாங்குவாங்க, அதனால பெல்ட்டுக்காகக் கழட்டறப்பவே வாட்டர் பம்பையும் சேத்து மாத்தச் சொல்லுங்க. அடுத்தது கிளட்சும் அதோட சேந்து அதிர்வைத் தாங்கற டூயல் மாஸ் ஃப்ளைவீலும், எஞ்சினை ஆஃப் பண்றப்போ கடகடனு சத்தம் வந்தா அதைச் சந்தேகப்படுங்க. அப்புறம் புகையில கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடற இஜிஆர் வால்வுல கரி அடைப்பு, டீசலை உள்ள அடிக்கற இஞ்செக்டர், குளிர்ல ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணினா எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் பண்ண உதவற க்ளோ ப்ளக் இல்லன்னா பேட்டரி. பழைய க்ளோ ப்ளக்கை அவசரமா கழட்டினா உள்ளயே முறிஞ்சு மாட்டிக்கும், பழக்கமான கைதான் வேணும். யூரோ 6 வண்டின்னா பலதுல புகையைச் சுத்தம் பண்ற ஆட்ப்ளூங்கற திரவத்தையும் தனி டேங்க்ல ஊத்தணும், அதைத் தெரியாம டீசல் டேங்க்ல ஊத்திட்டா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க.

டீலர்கிட்டதான் போகணும்னு இல்ல, டீசல் வேலை தெரிஞ்ச தனி கராஜ் ஒண்ணு பழகி வச்சுக்கோங்க. நான் மாசாமாசம் ஒரு தொகையை வண்டிக்குனு தனியா எடுத்து வச்சுடறேன், சின்ன சர்வீஸ் வந்த மாசமும் மிச்சத்தைத் தொடறதில்ல, பெல்ட்டும் கிளட்சும் அதுலேருந்துதான் முடிஞ்சுது.

வண்டி பாக்கப் போறப்போ, காலைலயே போங்க, பானெட்டை முதல்ல தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கனு அர்த்தம், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுனு பாக்கணும். சர்வீஸ் புத்தகத்துல முத்திரை இருக்குங்கறதோட விடாதீங்க, பெல்ட் மாத்தின பில் கேளுங்க, இல்லைன்னா மாத்தலைனே வச்சு அந்தச் செலவை விலையில குறைங்க. உங்க ஊருக்குள்ள யூரோ 5 டீசலை விடறாங்களானும் பாத்துடுங்க, சில ஊர்ல தடை இருக்கு. எந்த எஞ்சின், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, தினமும் எவ்வளவு தூரம் போவீங்க, இந்த மூணையும் எழுதுங்க தம்பி, பெல்ட் எப்ப வரும்னு பாத்துச் சொல்றேன்.